உலோகச் சட்டக் குளிர்கண்ணாடி: முதன்முறையாக வாங்கும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

புகழ்பெற்ற வடிவமைப்பு நிறுவனமொன்றின் பெயர் தாங்கிய உலோகச் சட்டக் குளிர்கண்ணாடியை முதன்முறையாக வாங்க நினைப்பவர், பெரும்பாலும் பெயரிலிருந்து தொடங்கி, நிறத்துக்கு வந்து, முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று பார்த்து, அத்துடன் முடித்துக்கொள்கிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும், அடுத்து மூக்கையும் காதையும், அதன்பின் தோலை, பெயர் கடைசியில் வரட்டும். உலோகச் சட்டத்தின் சிறப்பு அதன் மெல்லிய அழகோடு முடிந்துவிடுவதில்லை. அதை வளைத்தும் நிமிர்த்தியும் உங்கள் முகத்துக்கென்றே பொருத்திக்கொள்ளலாம். மூக்குப் பகுதி ஒரே வார்ப்பாக அமைந்த பிளாஸ்டிக் சட்டத்தில் இந்த அளவுக்கு அது முடியாது. பெருந்தொகை கொடுத்து வாங்கிவிட்டு இந்த வசதியை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் விட்டுவிடுபவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன்.

உறுப்புகளின் பெயர்களைத் தெரிந்துகொண்டு கடைக்குச் செல்வது நல்லது. லென்ஸைப் பிடித்திருக்கும் மெல்லிய வளையத்தை ரிம் என்பார்கள். இரண்டு ரிம்களையும் மூக்கின் மேல் இணைப்பது பாலம். மூக்கின் இரு பக்கமும் அமரும் சிறு திண்டுகள் மூக்குத் தாங்கிகள். அவற்றைச் சட்டத்தோடு இணைக்கும் வளைந்த கம்பிகள் தாங்கிக் கம்பிகள். கடைக்காரர் டெம்பிள் என்று சொல்லும், காதுவரை நீளும் பகுதியைக் காதுத் தண்டு என்று இங்கே குறிப்பிடுகிறேன். அந்தத் தண்டும் கண்ணாடியின் முகப்பும் சேரும் இடத்தில் கீல் இருக்கிறது.

முதற்படி: லென்ஸ்

லென்ஸ் எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ அவ்வளவு பாதுகாப்பு என்ற எண்ணம் தவறானது, தீங்கானதும்கூட. கண்ணைக் கூசவைப்பது நாம் காணும் ஒளி. கண்புரைக்கும், விழிவெண்படலத்தில் தோன்றும் சதை வளர்ச்சிக்கும் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுவது நாம் காணாத புற ஊதாக் கதிர். முன்னதைத் தடுப்பது லென்ஸின் சாயம். பின்னதைத் தடுப்பது லென்ஸின் மூலப்பொருளும், அதில் சேர்க்கப்பட்ட உறிஞ்சிகளும், மேற்பூச்சும். சாயம் மட்டும் இருந்து தடுப்பு இல்லாவிட்டால், இருட்டில் விரிவதைப் போலக் கண்ணின் பாவை விரிந்து, அந்தக் கதிரை வழக்கத்தைவிட அதிகமாக உள்ளே விடும். எனவே, 400 நானோமீட்டர் வரையிலான கதிர்கள் தடுக்கப்படுகின்றன என்பதைக் குறிக்கும் ‘யுவி 400’ என்ற சொல் ஆவணத்திலோ கண்ணாடியிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஐயம் இருந்தால், லென்ஸ் வழியாக எவ்வளவு புற ஊதாக் கதிர் கடக்கிறது என்று அளக்கும் சிறு கருவி பல கண்ணாடிக் கடைகளில் உண்டு. சில நொடிகளில் தெரிந்துவிடும், கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

சாயத்தின் அடர்த்தியை 0 முதல் 4 வரை ஐந்து வகைகளாக ஐ.எஸ்.ஓ. 12312-1 என்ற பன்னாட்டுத் தரம் பிரிக்கிறது. வகை 0 ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் உள்ளே விடும். அது ஏறக்குறைய நிறமற்றது. வகை 1 விடுவது 43 முதல் 80 வரை, வகை 2 விடுவது 18 முதல் 43 வரை. வெயிலில் நடமாடுவதற்கான பொதுவான தேர்வு 8 முதல் 18 விழுக்காடு வரை விடும் வகை 3. வகை 4 விடுவது 3 முதல் 8 விழுக்காடு மட்டுமே. பனிமலைக்கும் நடுக்கடலுக்கும் உரிய அதை அணிந்து வாகனம் ஓட்டக் கூடாது. இந்த எண் பல கண்ணாடிகளில் காதுத் தண்டின் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். மேலே அடர்ந்தும் கீழே வெளிறியும் வரும் கிரேடியன்ட் லென்ஸ்கள் பெண்களுக்கான உலோகச் சட்டங்களில் மிகுதி. அவை வாகனம் ஓட்டுபவருக்கு வசதியானவை, ஏனெனில் வானத்தின் ஒளி குறைந்து முன்னுள்ள கருவிப்பலகை தெளிவாகத் தெரியும். ஆனால் கீழிருந்து ஒளி எதிரொளிக்கும் இடங்களில், குறிப்பாக நீர்நிலையிலும் பனியிலும், அவை போதுமானவை அல்ல. புதிதாக விழுந்த பனி புற ஊதாக் கதிரில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். உலர்ந்த கடற்கரை மணல் 15 விழுக்காடு அளவுக்கு அனுப்பும்.

நிறத்தைப் பொறுத்தவரை, சாம்பல் நிற லென்ஸ் மற்ற நிறங்களை அதிகம் மாற்றாமல் காட்டும். பழுப்பு நிறம் பொருள்களின் வேறுபாட்டைச் சற்றுக் கூர்மையாக்கும். இளஞ்சிவப்பு, நீலம் போன்றவை அழகுக்குரியவை. அவற்றுள் சில போக்குவரத்து விளக்குகளின் நிறத்தை மயங்கவைக்கக்கூடும் என்பதால், ஓட்டுவதற்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே சாலையில் அணியுங்கள். எந்த நிறமானாலும் அந்தியிலும் இரவிலும் சாய லென்ஸோடு ஓட்ட வேண்டாம்.

போலரைஸ்டு லென்ஸ் என்பது தனி வசதி. நீர்ப்பரப்பு, ஈரச் சாலை, வாகனத்தின் மூடி போன்ற கிடைமட்டப் பரப்புகளிலிருந்து தெறித்து வரும் பளபளப்பை அது வெட்டுகிறது. புற ஊதாக் கதிரைத் தடுப்பது அதன் வேலை அல்ல; இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். தொலைபேசித் திரையோ வாகனத்தின் மின்திரையோ சில கோணங்களில் கறுத்துப்போவது போலரைஸ்டு லென்ஸின் இயல்பு, குறை அல்ல. உண்மையிலேயே போலரைஸ்டுதானா என்று அறிய, அத்தகைய வேறொரு கண்ணாடியை எடுத்து, ஒரு லென்ஸின் முன் மற்றொன்றைப் பிடித்துக் கால் வட்டம் திருப்புங்கள். இரண்டும் உண்மையானால் பார்வை ஏறக்குறைய முழுதும் இருண்டுவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. கண்ணாடியைக் கை நீளத்தில் பிடித்து, கதவுச் சட்டம் போன்ற நேர்க்கோடு ஒன்றை அதன் வழியே பார்த்துக்கொண்டே மேலும் கீழுமாக மெல்ல நகர்த்துங்கள். கோடு நெளிந்தாலோ அலைந்தாலோ அந்த லென்ஸ் வேண்டாம். நெளியும் லென்ஸோடு நாள் முழுதும் இருந்தால் தலைவலி வரலாம்.

இரண்டாம் படி: தண்டில் உள்ள எண்கள்

காதுத் தண்டின் உட்புறத்தில் மூன்று எண்கள் இருக்கும். முதல் இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு சிறு சதுரக் குறி காணப்படும். 56, 17, 140 என்று இருந்தால், லென்ஸின் அகலம் 56 மில்லிமீட்டர், இரு லென்ஸ்களுக்கும் இடையிலான தொலைவு 17, காதுத் தண்டின் நீளம் வளைவையும் சேர்த்து 140 என்று பொருள். ஏற்கெனவே உங்களுக்குச் சரியாக அமர்ந்திருக்கும் பவர் கண்ணாடி ஒன்று வீட்டில் இருந்தால், அதன் எண்களைக் குறித்துக்கொண்டு போவதைவிட எளிய வழி இல்லை. குளிர்கண்ணாடிக்கு லென்ஸ் அகலம் சில மில்லிமீட்டர் கூடுதலாக இருக்கலாம், இருப்பது நல்லதும்கூட. ஆனால் காதுத் தண்டின் நீளம் பெரிதும் மாறக் கூடாது.

‘பெண்களுக்கானது’ என்ற குறிப்பை இந்த எண்களுக்கு மேலாக மதிக்க வேண்டாம். அது பெரும்பாலும் வடிவத்தையும் நிறத்தையும் பற்றிய விற்பனைப் பிரிவு. அகன்ற முகமுள்ள பெண்ணுக்கு ஆண்கள் பிரிவில் உள்ள 58 அளவு பொருந்தலாம். சிறிய முகத்துக்கு 51 போதும். வடிவத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வட்ட முகத்துக்கு இன்ன வடிவம், சதுர முகத்துக்கு இன்ன வடிவம் என்னும் விதிகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. லென்ஸ் எவ்வளவு மூடுகிறது என்பதையே பார்க்கிறேன். 1937-ஆம் ஆண்டு ரே-பான் பெயரில் விற்பனைக்கு வந்த ஏவியேட்டர் கண்ணாடியின் கண்ணீர்த்துளி வடிவம் அழகுக்காகப் பிறந்ததன்று. விமானிகளுக்காக உருவான அது, கீழே கருவிகளைப் பார்க்கும்போதும் கண் மறைந்திருக்கும்படி அமைந்தது. சிறிய நீள்வட்ட உலோகச் சட்டங்களை ஆசைப்பட்டு வாங்குவதில் தவறில்லை. ஆனால் அவற்றின் மேலும் பக்கத்திலும் வெயில் நுழையும் என்பதை ஏற்றுக்கொண்டு, அகன்ற தொப்பியோடு அணிய வேண்டும்.

மூன்றாம் படி: உலோகமும் தோலும்

காதணியால் காதுமடல் சிவந்து அரித்த அனுபவம் உங்களுக்கு உண்டா? உண்டென்றால் இந்தப் பகுதியை விரைந்து கடந்துவிட வேண்டாம். தொடுதலால் வரும் உலோக ஒவ்வாமைகளில் மிகப் பொதுவானது நிக்கல் ஒவ்வாமை. காது குத்தி மலிவான உலோக அணிகளை அணிவதே அது தொடங்கும் வழிகளுள் முதன்மையானது என்பதால், அது ஆண்களைவிடப் பெண்களிடமே மிகுதி. ஒருமுறை உடல் நிக்கலை எதிரியாகக் கண்டுகொண்டுவிட்டால், அந்த ஒவ்வாமை பொதுவாக வாழ்நாள் முழுதும் நீடிக்கும். கன்னமும் காதின் பின்புறமும் வியர்க்கும் இடங்கள். வியர்வை நிக்கலைக் கரைக்கும்.

பழக்கத்தில் உள்ள உலோகங்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். பலகாலமாகச் சட்டங்களுக்குப் பயன்பட்டுவரும் மோனெல் கலவையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிக்கல், மீதி பெரும்பாலும் செம்பு. எளிதில் வளையும், எளிதில் பற்றவைக்கலாம்; ஆனால் மேற்பூச்சு தேய்ந்ததும் நிக்கல் தோலைத் தொடும், செம்பில் பச்சைக் களிம்பு பூக்கும். மூக்குத் தாங்கியின் அடியிலும் திருகின் ஓரத்திலும் தோன்றும் அந்தப் பச்சை வெறும் அழுக்கு அல்ல, உலோகம் அரிபடுவதன் அடையாளம். நிக்கல் சில்வர் என்ற பெயரைக் கேட்டு வெள்ளி என்று எண்ணிவிட வேண்டாம். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த அந்தக் கலவையில் வெள்ளி துளியும் இல்லை. துருப்பிடிக்கா எஃகில் பெரும்பாலும் நிக்கல் உண்டு என்றாலும், அது இறுகப் பிணைந்திருப்பதால் தோலுக்கு வெளியேறும் அளவு மிகக் குறைவு. டைட்டானியம் ஒவ்வாமைக்கு மிகப் பாதுகாப்பானது. எடையிலும் எஃகின் ஐந்தில் மூன்று பங்குக்கும் குறைவு. மடக்கினாலும் பழைய வடிவுக்கே திரும்பும் ‘மெமரி மெட்டல்’ என்பது டைட்டானியமும் நிக்கலும் ஏறக்குறைய சரிபாதியாகச் சேர்ந்தது. அதில் டைட்டானியம் இருப்பதால் நிக்கல் இல்லை என்று கொள்ள முடியாது. மேலும், வளைத்தாலும் திரும்பிவிடும் உலோகத்தை முகத்துக்கேற்பத் திருத்துவதும் கடினம். உலோகச் சட்டத்தின் முதன்மைச் சிறப்பையே அது பறித்துக்கொள்வதால், முதல் கண்ணாடியாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சட்டம் முழுதும் டைட்டானியமா, காதுத் தண்டு மட்டுமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். ‘டைட்டானியம்’ என்ற சொல் தண்டில் இருந்து, முகப்பு வேறு உலோகமாக இருப்பது புதிதல்ல. தங்க நிறம் என்பது பெரும்பாலும் முலாம் அல்லது வெற்றிடத்தில் படியவைத்த மெல்லிய பூச்சு. அதன் கீழே என்ன உலோகம் என்பதே கேள்வி. தோலோடு நெடுநேரம் தொடும் பொருளிலிருந்து வாரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு வைத்திருக்கிறது. கண்ணாடிச் சட்டங்களும் அதற்கு உட்பட்டவை. சந்தேகம் தீராவிட்டால், டைமெத்தில்கிளையாக்சைம் கலந்த சோதனைத் திரவம் கிடைக்கிறது. பஞ்சில் ஒரு துளி விட்டுச் சட்டத்தின் மறைவான இடத்தில் தேய்த்தால், நிக்கல் வெளியேறும் இடத்தில் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும். பூச்சு புதிதாக இருக்கும்வரை இந்தச் சோதனை நிக்கல் வெளியேறவில்லை என்றே காட்டக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். ஓராண்டு அணிந்தபின் மறுபடி செய்து பார்ப்பது நல்லது.

நான்காம் படி: முகத்தில் பொருத்துதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுவே. கண்ணாடியை அணிந்து, கடையில் உள்ள நிலைக்கண்ணாடி முன் நிற்காமல் முதலில் கீழே குனியுங்கள். நழுவினால் இன்னும் பொருந்தவில்லை. பிறகு நன்றாகச் சிரியுங்கள். கன்னம் உயர்ந்து ரிம்மைத் தூக்கினால், வெயிலில் ஒவ்வொரு சிரிப்புக்கும் லென்ஸில் எண்ணெய்ப் பசை படியும். கண்ணை வேகமாக இமைத்துப் பாருங்கள். இமை முடி லென்ஸைத் தொடக் கூடாது, மை தீட்டும் வழக்கம் இருந்தால் இது இன்னும் முக்கியம். இவற்றில் எதில் தவறினாலும் உடனே வேறு கண்ணாடிக்கு ஓட வேண்டாம். பெரும்பாலானவற்றை அங்கேயே சரிசெய்ய முடியும்.

மூக்குத் தாங்கிகளை ஒன்றையொன்று நெருங்கவைத்தால் கண்ணாடி முகத்தில் உயரும், அகற்றினால் தாழும். கம்பிகளை நீட்டினால் லென்ஸ் கண்ணிலிருந்து விலகும். மூக்கின் மேடு தாழ்ந்து அகன்றிருப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் சட்டங்கள் கன்னத்தில் சரிந்து அமரும் துன்பம் நன்கு தெரியும். தாங்கிக் கம்பிகள் உள்ள உலோகச் சட்டம் அவர்களுக்கே பெரிதும் உதவும். ஒவ்வொரு தாங்கியும் தன் முழுப் பரப்போடு மூக்கில் படிய வேண்டும். பத்து நிமிடம் அணிந்து கழற்றிய பின் மூக்கில் பிறை வடிவச் சிவப்புத் தடம் தெரிந்தால், தாங்கியின் ஒரு விளிம்பு மட்டுமே எடையைச் சுமக்கிறது என்று பொருள்.

அடுத்து காது. காதுத் தண்டு காதின் உச்சியைத் தாண்டியவுடன் வளையத் தொடங்க வேண்டும். வளைவு முன்னதாகவே தொடங்கினால் காதின் வேர் வலிக்கும். பிந்தித் தொடங்கினால் கண்ணாடி மூக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பொட்டுப் பகுதியில் தண்டு அழுத்தி, தலையின் பக்கத்தில் குழி விழுந்தால் முகப்பு உங்களுக்கு ஒடுக்கமானது. சிறிது ஒடுக்கம் என்றால் கீல் பக்கத்தில் விரித்துக் கொடுப்பார்கள், மிக ஒடுக்கம் என்றால் அளவை மாற்றுவதே வழி.

கண்ணாடியைக் கவிழ்த்து மேசையில் வைத்தால் இரு தண்டுகளும் ஒரே சீராகப் படிகின்றன, முகத்திலோ ஒரு பக்கம் உயர்ந்திருக்கிறது என்றால் கண்ணாடியைக் குறை சொல்ல வேண்டாம். இரு காதுகளும் ஒரே உயரத்தில் இருப்பவர்கள் குறைவு. திருத்துபவர்கள் பின்பற்றும் எளிய விதி ஒன்று உண்டு: எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துத் தண்டை மேல்நோக்கி வளைக்க வேண்டும். கேட்பதற்கு முரணாகத் தோன்றும்; ஆனால் காது நகராது, எனவே தண்டு மேலே வளைந்தால் முகப்பு கீழே இறங்கும். ஒரு லென்ஸ் மட்டும் முகத்துக்கு மிக அருகில் இருந்தால் அந்தப் பக்கத்துத் தண்டை உட்புறமாக வளைக்க வேண்டும். இந்த விதிகளை நீங்களே செய்வதற்காகச் சொல்லவில்லை. திருத்துபவர் என்ன செய்கிறார் என்று புரிந்துகொள்வதற்காகச் சொல்கிறேன். உறையிட்ட இடுக்கி இல்லாமல் வெறுங்கையால் வளைத்தால் முலாம் வெடிக்கும், பற்றவைத்த இணைப்பு விடும், சில வேளைகளில் லென்ஸின் ஓரமும் உடையும்.

ஐந்தாம் படி: வேலைப்பாடும் பெயரும்

பெரிய பெயர்களுள் பல, கண்ணாடியைத் தாங்களே செய்வதில்லை. 1961-இல் இத்தாலியின் அகோர்தோவில் லியோனார்தோ டெல் வெக்கியோ தொடங்கிய லுக்ஸோட்டிக்கா, 2018-இல் பிரெஞ்சு நிறுவனமான எஸ்சிலாருடன் இணைந்தது. ஷானெல், பிராடா, வெர்சாச்சே ஆகிய பெயர்களில் வரும் கண்ணாடிகளை உரிமம் பெற்றுத் தயாரிப்பது அந்தக் குழுமம்தான். குச்சி, சான் லோரான் கண்ணாடிகள் கெரிங் ஐவேரிலிருந்தும், டியோர், ஃபெண்டி கண்ணாடிகள் தெலியோஸிலிருந்தும் வருகின்றன. இதை அறிவது பெயரைக் குறைத்து மதிப்பதற்காக அல்ல. ஒரே தயாரிப்பாளரின் இரு பெயர்களுக்கிடையே விலை பெரிதும் வேறுபடும்போது, எதற்காகக் கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று கேட்டுப் பார்க்க இது உதவும். பெயர் பெரிதாக இல்லாத, ஆனால் ஜப்பானின் சாபாயே நகரத்தில் செய்யப்பட்ட டைட்டானியச் சட்டம் கண்ணில் பட்டால் அதையும் அணிந்து பாருங்கள். அந்நாட்டுக் கண்ணாடிச் சட்டங்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் செய்யும் பகுதி அது.

வேலைப்பாட்டைக் கையால் அறியலாம். பாலமும் ரிம்மும் சேரும் பற்றவைப்பின் மேல் விரல் நுனியை ஓட்டினால் மேடோ முள்ளோ தட்டக் கூடாது. தண்டைத் திறந்து மூடும்போது தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். இரு தாங்கிக் கம்பிகளும் ஒன்றின் நிழல் போல மற்றொன்று அமைந்திருக்க வேண்டும். தண்டின் உட்புறத்தில் உள்ள மாதிரி எண்ணும் நிறக் குறியீடும் பெட்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். போலி செய்பவர்களும் எண்களை அச்சிடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்பதால், விரல் நுனி சொல்வதையே நான் அதிகம் நம்புகிறேன்.

பவர் லென்ஸ் போடப்போகிறீர்கள் என்றால், வாங்குவதற்கு முன்பே உங்கள் பவரைக் காட்டிக் கேளுங்கள். கிட்டப்பார்வையின் பவர் கூடக்கூட லென்ஸின் ஓரம் தடிக்கும். மெல்லிய ரிம்மில் அது மறையாது. பெரிய லென்ஸில் தடிப்பு இன்னும் அதிகம்.

பராமரிப்பு

உலர்ந்த லென்ஸைத் துடைக்க வேண்டாம். முதலில் குழாய் நீரில் தூசியைக் கழுவி, ஒரு துளி மென்மையான சோப்பு நீரை விரலால் தடவி, மறுபடி கழுவி, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், அவற்றில் சிக்கிய தூசி லென்ஸைக் கீறும். கடலிலோ நீச்சல் குளத்திலோ நனைந்தால் அன்றைக்கே நன்னீரில் கழுவுங்கள்.

வாசனைத் திரவியமும் முடித் தெளிப்பானும் பூச்சை அரிக்கும். சன்ஸ்கிரீன் மூக்குத் தாங்கியின் அடியில் சென்று தங்கும். எனவே ஒப்பனை முழுதும் முடிந்து, பூசியவை உலர்ந்த பிறகே கண்ணாடியை அணியுங்கள். கழற்றும்போது இரு கைகளையும் பயன்படுத்துங்கள். ஒரு கையால் இழுத்துக் கழற்றினால், கடையில் செய்த திருத்தமெல்லாம் சில வாரங்களில் கலைந்துவிடும். தலையின் மேல் ஏற்றி வைப்பதும் அப்படியே: தண்டுகள் விரியும், முடி தாங்கிக் கம்பியில் சிக்கும். வெயிலில் நிற்கும் வாகனத்தின் முன்பலகையில் விட்டுச் சென்றால், லென்ஸின் பூச்சு வெப்பத்தில் நுண்ணிய வெடிப்புகளாகப் பிளக்கும்.

மாதம் ஒருமுறை கீல் திருகுகளையும், ரிம்மை மூடும் திருகையும் பாருங்கள். தளர்ந்திருந்தால் சிறு திருப்புளியால் பதமாக முறுக்கலாம்; திருகு தொலைந்துவிட்டால் எந்தப் பசையையும் தொடாமல் கடைக்குக் கொண்டுசெல்லுங்கள். மஞ்சளாகி இறுகிப்போன சிலிக்கோன் மூக்குத் தாங்கிகளைத் துடைத்துப் பயனில்லை. அவற்றை மாற்றச் சொல்லுங்கள். அழுத்திப் பொருத்துவது, திருகிப் பொருத்துவது என்று இரண்டு வகை இருப்பதால் கண்ணாடியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். அந்த வேலை நடக்கும்போதே தண்டுகளின் வளைவையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லிவிடலாம்.